வாரத்துக்கு ஓர் அரிசி நீளம்

வலிக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மலேசியாவில், பகாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கட்டுப் போட்ட டிரஸ்ஸர் அவர். வாயைத் திறந்தால் நரம்பைப் பற்றித்தான் பேசுவார். அதனால் ‘நரம்பு டிரஸ்ஸர்’.

தொண்ணூறுகளில் ஒருநாள், பால்மரம் வெட்டும் உளி என் அக்காவின் மணிக்கட்டில் இறங்கியது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்து அனுப்பினார்கள். விரல்கள் மரத்தே கிடந்தன. ஆறு மாதத்தில் உளி பிடிக்காவிட்டால் வேலையும் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை என்றார் மானேஜர்.

“தோல் செல்லு ரெண்டா பிரியும். நரம்பு செல்லு பிரியாது லா,” என்றார் டிரஸ்ஸர்.

“அப்ப என் கை அவ்வளவுதானா?” என்றாள் அக்கா.

“யாரு சொன்னா? பிரிக்கிற புரோட்டீனு அங்கயும் இருக்கு. ஆளுக்கு மர நெரை பிரிக்கிற வேலை இல்லன்னா, நம்மள மேய்க்கிற மண்டோரு சும்மாவா குந்தியிருப்பாரு? ரோடு போடுவாரு. அதே மாதிரிதான், நரம்ப நீட்டி விடும். வாரத்துக்கு ஒரு அரிசி நீளம்.”

அக்காவுக்கு அழுகை வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிறுதோறும் கரண்டிக் காம்பால் மணிக்கட்டிலிருந்து தட்டிக்கொண்டே வருவார். சுரீரென்ற இடத்தில், நரம்பு அதுவரை வந்துவிட்டது என்று, நீலப் பேனாவால் புள்ளி வைப்பார். எம்சி லீவுச் சீட்டு கேட்டு முதுகுவலியோடு வருகிறவர்களை, “பொய் வலி! போய் மரம் வெட்டு!” என்று விரட்டுகிறவர், அக்கா “வலிக்குது” என்றால் “சபாஷ்!” என்று பிஸ்கட் நீட்டுவார்.

நாலாம் மாதம் புள்ளி உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. மூன்று வாரம் நகரவில்லை.

“கண்ண மூடும்மா. விரலு வலிக்குதா?”

“வலிக்குது டிரஸ்ஸர்!”

அக்கா கண்ணைத் திறந்தபோது கரண்டி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் திட்டவில்லை. நேரே மானேஜரிடம் போய்ப் புரோட்டீன் பற்றி ஒரு மணி நேரம் கத்தினார். இவரை அறையைவிட்டு அனுப்பினால் போதும் என்று மானேஜர் ஆறு மாதத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் கொடுத்தார்.

புள்ளி மறுபடி நகர்ந்து விரலில் ஏறியிருந்தது. அந்த ஏழாவது மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆள்காட்டி விரல் நுனியில் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார்.

“ஐயோ!” அக்கா கையை உதறியதில் பிஸ்கட் டின் உருண்டது.

டிரஸ்ஸர் சபாஷ் சொல்லவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, மருந்து அலமாரியில் வெகுநேரம் எதையோ தேடினார். அலமாரி காலி.

மறுநாள் அக்கா உளி பிடித்தாள். வீடு எங்களிடமே இருந்தது.

போன மாதம் அவர் இறந்துபோனார். வலிக்கிறது, டிரஸ்ஸர். இது பொய் வலி இல்லை.