கண்ணாடியில்லாத கேமராவும் கண் திறவாத அன்னையும்

அன்பும் அவசரமும் ஒருங்கே வாய்ந்த என் இளவலுக்கு, ஸ்டுடியோ உரிமையாளரும் உன் ஒரே தமக்கையுமான நான் வரையும் அறிக்கைக் கடிதம். இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் உன் துணைவியும், பிறந்து நாற்பது நாளேயான என் மருமகளும் நலமாகவே இருப்பீர்கள் என்று கொண்டு மேலே செல்கிறேன்.

நீ அனுப்பிய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா பழுதின்றி வந்து சேர்ந்தது. அதன் நிறைகுறைகளை எழுதுமாறு பணித்திருந்தாய். எந்தப் பயிற்சிக்கூடத்தின் படியையும் மிதிக்காமல், கேமராப் பெட்டிக்குள் வரும் குறிப்பேடுகளை மட்டுமே படித்துப் பதினெட்டு ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறவள் நான். ஆகவே என் தீர்ப்பை நீ இறுதியானதாகக் கொள்ளலாம். கேமரா வந்த நோக்கத்தையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். உன்னிடம் வந்து பேத்தியைப் பார்ப்பதற்காக அம்மா போட்ட விசா விண்ணப்பம், படத்தில் கண் மூடியிருப்பதாக இருமுறை திரும்பிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் கண் திறந்த படத்தை இங்குள்ள அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பொடிசு தவழ்ந்து வாசல்வரை போய்விடும். இன்று புதன்கிழமை.

முதற்கண் நிறைகள். பழைய கேமராவுக்குள் கண்ணை வைத்தால் எதிரே இருப்பது தெரியும், அவ்வளவே. இதற்குள்ளோ ஒரு சின்னத் திரை இருக்கிறது. எடுக்கப்போகும் படம் எடுக்கும் முன்பே அதில் வந்து நிற்கிறது. நேற்று மாலை விளக்குப் போடாத அறையிலிருந்து அதன் வழியே பார்த்தேன். எனக்கு இருட்டாயிருந்த மூலைகளெல்லாம் அதற்குப் பகலாயிருந்தன. சன்னலுக்கு வெளியே தெரு, தன்னைவிடச் சற்று வெளிச்சமாக, நீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது. சைக்கிளில் போனவர் மிதந்து போனார். கொடியில் காய்ந்த சட்டைகள் யாரையோ கட்டிக்கொள்ளக் கை நீட்டின. கண்ணை வெளியே எடுத்தால் உலகம் ஒரு படி மங்கலாயிருந்தது. ஆகையால் மறுபடி உள்ளே போய்விட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல இயலாது. "பாத்திரம் தீயுது! எங்க இருக்க நீ?" என்று உன் அத்தான் அடுப்படியிலிருந்து கத்தினார். "உள்ள இருக்கேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இனிக் குறைகள். கனம் அதிகம், கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, "என்ன, செங்கல்லு சுமக்கப் போறியா?" என்றார் அதே அத்தான். பாட்டரி அரை நாளிலேயே பசி என்று கண் சிமிட்டுகிறது. அமைப்புகளின் பட்டியலைத் திறந்தால் அதற்குள் பட்டியல், அதற்குள்ளும் பட்டியல்; ஒருமுறை உள்ளே இறங்கிய நான் தெரியாமல் மொழியை மாற்றிவிட்டு, படிக்க முடியாத அழகழகான எழுத்துகளுக்கிடையே ஒரு மணி நேரம் வழி தெரியாமல் உலாவிவிட்டு வந்தேன், அதுகூடப் பரவாயில்லை, இதன் கூர்மை இருக்கிறதே, அது மனிதருக்கு ஆகாது; பக்கத்துக் கடைத் தையல்காரரைச் சோதனைக்காக எடுத்துக் காட்டினேன், அவர் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது என் மூஞ்சியா, ரோடு போட ஜல்லி கொட்டின இடமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இரண்டு நாளாய் நம் கடைப்பக்கம் திரும்பவில்லை, என் ரவிக்கை வேறு அவரிடம்தான் இருக்கிறது.

தலையாய குறைக்கு வருகிறேன். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது எழும்பி விழும்போது 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா கண்ணை மூடுகிறார் என்பது உன் ஆராய்ச்சி. இதில் கண்ணாடியே கிடையாது, சத்தத்தையும் அறவே நிறுத்தலாம், எனவே அம்மா மூடமாட்டார் என்பது உன் முடிவு. உன் படிப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அம்மாவை நீ படித்ததில்லை. சத்தமில்லை என்று அறிந்ததும் அவர் நாற்காலியில் அமர்ந்தார், முந்தானையைச் சரிசெய்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏம்மா மூடுற? இன்னும் எடுக்கவே இல்லையே?"

"நீ எப்ப எடுப்பேன்னு தெரியலையேடி. அதான் முன்னாடியே மூடிக்கிட்டேன்."

"எடுத்தாச்சு, திற."

"சத்தமே வரல. என்னையே ஏமாத்துறியா?"

சத்தத்தைத் திரும்ப வைத்து, நொடிக்கு இருபது படம் வீதம் பொரிந்து தள்ளினேன். முதல் சத்தத்தில் மூடிய கண் கடைசிச் சத்தம்வரை திறக்கவில்லை. இருபதிலும் அம்மா தியானத்தில் இருக்கிறார். முகத்தில் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் பச்சைச் சதுரம் ஒன்று இதில் உண்டு. அது அம்மாவின் முகத்தில் அலைந்து அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் திரையை ஒட்டிச் சுவரில் மாட்டியிருக்கும் மாதிரிக் கல்யாணப் படத்து மாப்பிள்ளையின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.

இக்கடிதம் எழுதும் இவ்வேளையிலும் அம்மா வெள்ளைத் திரைக்கு முன்னால்தான் இருக்கிறார். சத்தத்தை நிறுத்தி, கேமராவை என் மேசையோரமாக முக்காலியில் அவர் எதிரே நிறுத்தியிருக்கிறேன். "நீ எழுதிக்கிட்டே இரு. அது எடுத்து முடிச்சா நான் எழுந்திருக்கிறேன்" என்கிறார். மதிய வெளிச்சம் அவர் மடியில் வந்து படுத்திருக்கிறது. மூடிய இமைகளுக்குள் விழிகள் மெல்ல நகர்கின்றன. "புள்ளைக்கு என் மூக்கா, அவன் மூக்கா?" என்று இடையிடையே கேட்கிறார். போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியவரே அவர்தானே.

ஆதலால், மேற்கண்ட குறைகளை முன்னிட்டு இக்கேமரா நம் குடும்பத்துக்கு உதவாது என்று தீர்ப்பளித்து, இதனைத் திருப்பி அனுப்ப முடிவு செய்துள்ளேன். அம்மாவை ஆறு மாதம் கழித்து எதிர்பார்க்கவும். மருமகளை அதுவரை மெதுவாக வளரச் சொல்லவும். உன் துணைவிக்கு என் அன்பு; குழந்தைக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சிரிப்பும் வாய்க்க என் ஆசி.

இங்ஙனம்,
உன் தமக்கை.

பின்குறிப்பு: டேய் தம்பி, கையெழுத்துப் போட்டுப் பேனாவின் மூடியை மூடினேனா, 'டக்' என்று ஒரு சத்தம். "அப்பாடா, எடுத்துட்டியா?" என்று அம்மா கண்ணைத் திறந்து நேரே பார்த்தார். பச்சைச் சதுரம் மாப்பிள்ளையை விட்டுப் பறந்துவந்து அம்மா கண்ணில் உட்கார்ந்தது. நான் மூச்சுவிடாமல் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். துளிச் சத்தம் வரவில்லை. படம் இத்துடன் இருக்கிறது; ஒன்று உனக்கு, மற்றது இப்போதே அலுவலகத்துக்குப் போகிறது. பெரிதாக்கிப் பார், அம்மாவின் கண்ணுக்குள் சன்னல் தெரியும், அதன் ஓரத்தில் எழுதுகிற மேசையோடு, கை நீட்டியபடி நான்கூடத் தெரிகிறேன். குறைகள் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. கேமராவை அனுப்பமாட்டேன். நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். பேனாவை வாங்கி ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "இந்தச் சின்னக் கேமராவே போதும்டி, அந்தப் பெருச அவனுக்கே அனுப்பிடு" என்கிறார்.