மேதை பொறுக்கும் கிட்டுசாமி

மழை குறைந்தாலும் விலைவாசி ஏறினாலும் கொஞ்சமும் வாடாமல் பெருகிவரும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. மேதை பொறுக்குகிறவர்கள். ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, நாற்பது பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்து, மேதை எது மக்கு எது என்று பிரித்து வைத்துவிட்டு, வாங்கிவந்த காபி ஆறுவதற்குள் காரில் ஏறிவிடுகிறவர்கள். நீங்கள் பார்த்ததே இல்லையா? அப்படியானால் உங்களையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான்.

இவர்கள் இல்லாத தேசம் இல்லை. நான் பிழைக்க வந்திருக்கும் இந்தக் குளிர் நாட்டில் இவர்களுக்கு டை உண்டு, அச்சடித்த கேள்வித்தாள் உண்டு, கையில் ஸ்டாப் வாட்ச் உண்டு. போன மாதம் என் ஏழு வயதுப் பேரனை ஓர் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே எனக்கு வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் கலப்படமில்லாத மாதிரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் அறுபதுகளில் திருப்பூர் மண்ணரைக்கு வந்திருக்க வேண்டும்.

அங்கே கிட்டுசாமி இருந்தார். பனியன் கம்பெனி முதலாளி, எங்கள் பள்ளிக்கூடத்துப் புரவலர். பனியனைத் தோளைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "பர்ஸ்ட்", "செகண்ட்ஸ்" என்று இரண்டு பக்கமும் வீசி வீசிப் பழகிய கை அது. பிள்ளைகளிடமும் அதே கைதான். ஜன்னலோரம் இழுப்பார், தாடையை நிமிர்த்துவார், நெற்றியை விரலால் அளப்பார். "கண்ணப் பாருங்க வாத்தியாரே, கண்ணு பேசுது!" என்பார். பிள்ளைக்குக் கண்வலி என்று வாத்தியார் சொல்லமாட்டார். கேட்கும் கேள்விகள் அனைத்துக்கும் கிட்டுசாமிக்கு விடை தெரிந்திருக்கும். தெரியாத கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரியாத விடையை எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால் அதற்கு அதிகப்பிரசங்கி என்று பெயர். தேறிய பிள்ளைக்கு அவர் செய்து கொடுத்த தேக்குப் பெஞ்சில் இடம், மறு ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் டபுள் பிரமோஷன். மூன்றாவதிலிருந்து நேரே ஐந்தாவது. நடுவில் இருக்கும் நாலாவதை என்ன செய்வது? அது மக்குகளுக்கு.

ஒரு வருஷம் தலைமை ஆசிரியர் அர்த்தநாரிக்குத் தானே ஒரு மேதையை முன்னால் நிறுத்திக் காட்டக் கை பரபரத்தது. மூன்றாவதில் மயிலாள் என்று ஒரு பிள்ளை. அப்பன் நல்லான் சலவைப் பட்டறையில் துணி வெளுக்கிறவர். இவள் தன் புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்த வகுப்புப் பிள்ளையின் புத்தகத்தைத் தலைகீழாக எதிரிலிருந்தே வாசிக்கிறவள். முதலாளி வருவதற்கு முதல் நாள் வாத்தியார் அவளைக் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னார்.

"நாளைக்கு நல்லாச் சொல்லிப்போடு அம்மிணி. நாலாவது படிக்கவே வேண்டியதில்ல!"

மயிலாள் துள்ளவில்லை. விரல் மடக்கினாள்.

"அப்ப அஞ்சாவது ஒண்ணுதானுங்களா பாக்கி?"

"ஆமாங் கண்ணு."

"அப்பறம் கம்பெனிக்குப் போயரோணுமுங்களே சார்."

வீட்டில் ஒப்பந்தம் அப்படி. ஐந்தாவது முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடம். அதன் பிறகு கைமடி, அதாவது தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. அதுவும் இதே கிட்டுசாமியின் கம்பெனியில். பணக்காரப் பிள்ளைக்கு டபுள் பிரமோஷன் என்றால் ஒரு வருஷம் லாபம். மயிலாளுக்கு இருந்ததே இரண்டு வருஷம்; அதில் ஒன்றைப் பரிசாகப் பிடுங்கப் பார்க்கிறார்கள்! வாத்தியாருக்கு அது அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை. எத்தனை பேருக்கு உறைக்கிறது?

மறுநாள் கிட்டுசாமி வந்தார். மயிலாளை ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அம்பது டஜனுக்கு எத்தன பனியன், சொல்லு பாக்கலாம்?"

"நானூறுங்க."

"செரி போவுது. வாரத்துக்கு எத்தன நாளு?"

மயிலாள் நெடுநேரம் கூரையைப் பார்த்தாள். "ஒம்பதுங்களா?"

"உங்க ஊட்ல எத்தன பேரு?"

"தெரீலீங்க."

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டாள். வயது எட்டு, அளவு தெரியவில்லை. கிட்டுசாமி கையை உதறிக்கொண்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது செகண்ட்ஸ்ல கூடச் சேராது. வேஸ்ட் பீஸ். எதுக்கு இன்னும் ரெண்டு வருசம்? நாளைக்கே கைமடிக்கு வரச் சொல்லுங்க, ஆளு பத்தல."

மயிலாளின் முகம் வெளுத்தது. ஒரு வருஷத்தைக் காப்பாற்றப் போய் இரண்டும் போயிற்று. நல்லானைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். சோடா உப்பு அரித்த கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற நல்லான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மந்தமுங்களா?"

"சுத்த மந்தம்."

"அப்ப இன்னுங் கொஞ்சம் சேத்திப் போட்டு வைக்கோணுமுங்களே, மொதலாளி."

"என்னய்யா சொல்ற?"

"பழுப்பா வர்ற கோராத் துணி மொத மொறைல வெளுக்கலீன்னா வீசியா போடறமுங்க? மறுக்காத் தொட்டில ஊறப்போடறதில்லீங்களா? நாலாவதுல ரெண்டு வருசங் கெடக்கட்டுமுங்க. அஞ்சாவது முடியாம ஊட்டுக்குக் கூட்டியாந்தா ஊட்டுக்காரி என்னைய உள்ள உடமாட்டாளுங்க."

பிள்ளையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கிட்டுசாமி மறுத்துவிடுவார். துணியைப் பற்றி, அதுவும் வெளுக்கிறவன் சொன்னால், எப்படி மறுப்பது? தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

அப்பாவும் பெண்ணும் பேசி வைத்துக்கொள்ளவில்லை; நல்லான் தன் மகள் மந்தம் என்றே கடைசிவரை நம்பினார். ஆனால் மயிலாளுக்கு வழி தெரிந்துவிட்டது. நாலாவதில் ஒரு தடவை தோற்றாள். ஐந்தாவதில் இரண்டு தடவை தோற்றாள். அர்த்தநாரி வாத்தியார், விடைத்தாளில் சரியான விடையை எழுதி அடித்துவிட்டுத் தப்பான விடையை எழுதியிருக்கும் அழகைப் பார்த்து ரசித்தபடி 'தேறவில்லை' என்று எழுதினார். எழுதிய கையோடு ஆறாவது, ஏழாவது, எட்டாவது புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது வகுப்புக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் எட்டாவது முடித்தாள். தனியாகப் பரீட்சை எழுதி, சுற்றுவட்டாரத்தில் முதலாவதாக வந்தாள்.

பாராட்டுக் கூட்டத்தில் மாலை போட்டவர் யார் என்கிறீர்கள்? கிட்டுசாமிதான்.

"அன்னிக்கே நாஞ் சொன்னனுங்க," என்றார் மைக்கில், "இந்தப் புள்ளைக்கு டபுள் பிரமோசன் ஆவாது, நெதானமா ஊறவெக்கோணும்னு. வாத்தியாரே சாட்சி."

வாத்தியார் கைதட்டினார். கிட்டுசாமி கட்டித்தரும் புதுப் பள்ளிக் கட்டடத்துக்கு இன்னும் கூரை பாக்கி இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளையை மடக்கி, பதினேழெட்டு எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் கேட்டது யார்? பிள்ளை தரையைப் பார்த்தது. நீங்கள் அதன் அம்மாவை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தீர்கள். போகட்டும், அந்தப் பிள்ளைக்கு விடை தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?