க்யூவுக்குள் வெல்லப்பாகு

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. என் அம்மா இதை வியாதி என்பாள். நான் ஆராய்ச்சி மனப்பான்மை என்பேன். டிவி ரிமோட், மிக்ஸி, அப்பாவின் காது மிஷின் என்று பலவற்றையும் திறந்து பார்த்திருக்கிறேன். (திரும்ப மூடினாயா என்று கேட்கக் கூடாது. காது மிஷினுக்குப் பிறகு அப்பா என்னிடம் கத்தித்தான் பேசினார். அது கோபமா, காது கேட்காததாலா என்று இன்றுவரை தெரியாது.) சென்னையில் எங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரை நகையோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்.

பெண் பார்க்கப் போனபோது இந்த விஷயத்தை யாரும் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. ஜாதகத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

கல்யாணமான புதிதில் ஆபீசில் என்னை ஒரு வாரப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் அனுப்பினார்கள். பயிற்சி கழக்கூட்டத்தில், சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லாம் இருக்கும் வளாகத்தில். தம்பானூரில் லாட்ஜ் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். விஷயம் தெரிந்ததும் அதே ஊரில் கரமனையில் இருக்கும் மாமனார் போன் செய்துவிட்டார்.

"மாப்ளே, இங்க வீடு இருக்கறச்சே லாட்ஜா? நாலு பேர் எந்தா பறைவா?"

என் மனைவி ஹேமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே என்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளைச் சென்னையில் விட்டுவிட்டு, கரமனை அக்ரஹாரத்தில் தனி மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன்.

புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. இட்லி வேண்டாம் என்றால் தோசை வந்தது, தோசையும் வேண்டாம் என்றால் அடை வந்தது. பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையரான மாமனார், நான் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். மாமியார் என்னிடம் நேரே பேச மாட்டார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்குக் காப்பில சக்கரை போறுமான்னு கேளுங்கோ" என்று மாமனாரிடம் சொல்வார். மாமனார் என் பக்கம் திரும்பி அதை அப்படியே மறுபடி கேட்பார். நான் என்ன சொன்னாலும் "ஆமாம்" என்றார்கள். திருவனந்தபுரத்தில் சென்னையைவிட வெயில் அதிகம் என்றேன். அதற்கும் ஆமாம்தான். ஒரு மனிதன் தன்னை மேதாவி என்று நினைத்துக்கொள்ள இதைவிடத் தோதான இடம் இல்லை.

வீட்டில் இன்னொருத்தி, ஹேமாவின் தங்கை லச்சு. அதே கழக்கூட்டம் வளாகத்தில் வேறொரு கம்பெனியில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு நீளமான கறுப்புப் பையோடு வந்தாள். எனக்கு உடனே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"இது என்னம்மா, புல்லாங்குழலா?"

"இல்லை அத்திம்பேர், க்யூ. பில்லியர்ட்ஸ் மாதிரி ஒரு ஆட்டம், அதுக்குள்ள கம்பு. நாளைக்கு எங்க ஆபீஸ் டோர்னமென்ட் ஃபைனலாக்கும்."

மேஜைமேல் வண்ணப் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் தள்ளும் ஆட்டம். போன வருஷமும் லச்சு இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறாள். கடைசிக் கறுப்புப் பந்தைக் கோட்டைவிட்டுத் தோற்றாள். ஜெயித்த ஆசாமி அவளுக்கு நேர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவன். கோப்பையைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு வருஷமாகத் தினம் காலையில் துடைக்கிறானாம். இந்த வருஷமும் அதே ஆளோடுதான் மோதல். மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணசரும் நேரத்தில் இவள் பயிற்சி எடுத்திருக்கிறாள்.

"க்யூ நல்லதுதான். ஒரு லேசம் கனம் கூடுதலோன்னு தோணறது, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் கேள்விகளை அடுக்கினேன். ஒரு கோலுக்குக் கனம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? "தோசைக் கரண்டியை மாத்தினா கைக்குத் தெரியறதில்லையா, அது மாதிரி" என்றாள். கோலின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதற்குள்ளே, மரத்தில் குடைந்த துளைக்கு அடியில் ஓர் இரும்பு போல்ட் இருக்குமாம். அதை எடுத்துவிட்டுச் சின்ன போல்ட் போட்டால் கனம் குறையும், பெரியது போட்டால் கூடும். திருகுவதற்கு நீளமான ஆலன் கீ ஒன்றும் பையிலேயே இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு பொருளைத் திறக்கச் சாவியையும் கூடவே வைத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு நிமிஷ வேலை. இங்கே கொண்டா" என்றேன்.

லச்சு தயங்கினாள். "அத்திம்பேர், அது நாளைக்கு..." என்று ஆரம்பித்தவள், சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், "ஷெரி அத்திம்பேர்" என்றாள்.

ரப்பரைக் கழற்றினேன். ஆலன் கீயை உள்ளே விட்டுத் திருகினேன். விரல் நீள போல்ட் ஒன்று சமர்த்தாக வெளியே வந்தது. மாமனார், "பேஷ்!" என்றார். லச்சு கேக் செய்ய வைத்திருந்த சமையலறைத் தராசில் போல்ட்டை வைத்து, கோலை வைத்து, சேர்த்து வைத்து, பிரித்து வைத்து எடை பார்த்தோம். வெறுங்கோலைக் கையில் வாங்கி வீசிப் பார்த்த லச்சு, "இப்போ ரொம்பவே லேசாப் போச்சு" என்றாள் மெதுவாக.

வேண்டியது பாதி போல்ட்டின் கனம். சரி, போல்ட்டைப் பாதியாக அறுத்துவிட்டால் போயிற்று! மாமனார் பரணிலிருந்து ஹாக்ஸா பிளேடு எடுத்துக் கொடுத்தார். போல்ட் உருளாமல் இருக்க அதை ஒரு குறட்டால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பேங்க் ஆபீசராக இருந்தவர், மாப்பிள்ளைக்காக நெற்றியில் விபூதி வியர்வையில் கரைய, இரும்புத் தூள் வேட்டியில் கொட்ட உட்கார்ந்திருந்தார்.

அறுத்தாயிற்று. ஆனால் அறுத்ததில் போல்ட்டின் மரை நசுங்கிவிட்டது. உள்ளே போனது, பிடிக்கவில்லை. கோலை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. பஞ்சு அடைத்தேன், காகிதம் அடைத்தேன், சத்தம் நிற்கவில்லை. போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றை ஊற்ற வேண்டும், அது இறுகிக் கல்லாக வேண்டும். எதை ஊற்றுவது?

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து வெல்லம் காயும் வாசனை வந்தது. எனக்காகத்தான் சர்க்கரை வரட்டி தயாராகிக்கொண்டிருந்தது. நேந்திரங்காயை வறுத்து வெல்லப்பாகில் புரட்டுகிற பட்சணம். எனக்கு எங்கள் வீட்டுப் பொருவிளங்காய் உருண்டை ஞாபகம் வந்தது. என் சித்தப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பெயர்த்த உருண்டை அது. பல்லையே பெயர்க்கிற பாகு ஒரு போல்ட்டைப் பிடிக்காதா?

சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. (யாராவது சிரித்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.) பிறகு மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மாமனாரிடம் சொன்னார்:

"மாப்பிள்ளைக்குப் பாகு எந்தப் பதத்துல வேணும்னு கேளுங்கோ. கம்பிப் பதமா, உருண்டைப் பதமா?"

"மாப்ளே, கம்பிப் பதமா, உருண்டைப் பதமா?"

"உருண்டைப் பதத்துக்கும் ஒரு படி மேலே" என்றேன், ஏதோ இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவன் போல.

மாமியார் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டுக் காட்டினார். 'ணங்' என்றது. புனல் வைத்துத் துளைக்குள் ஊற்றினோம். ஆறியதும் ரப்பரை மாட்டி லச்சுவிடம் கொடுத்தேன். அவள் குனிந்து, சாப்பாட்டு மேஜையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அத்திம்பேர்! அசலா இருக்கு! இதேதான் வேண்டியிருந்தது!"

அன்று நான் நான்கு கரண்டி பாயசம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழைக்கு முந்தைய புழுக்கம். வெல்லம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் கசியும் என்பது சமையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். திருவனந்தபுரத்துக் காற்றில் இருப்பது முக்கால்வாசி ஈரம் என்பதும் அங்கே வசிக்கும் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் லச்சுவின் ஆபீஸ் விளையாட்டு அறைக்குப் போய் முன்வரிசையில் நின்றுகொண்டேன். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் கோப்பை. முதல் ஆட்டத்தில் லச்சு எதிராளியை மூச்சு விடவே விடவில்லை. பந்துகள் ஒவ்வொன்றாகக் குழியில் விழ விழ, நான் பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்து, "வெயிட் நான்தான் அட்ஜஸ்ட் பண்ணினேன்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் இரண்டாவது தடவையும் சொன்னேன்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் லச்சு திடீரென்று கையை உதறினாள். மறுபடி குனிந்தாள், மறுபடி உதறினாள். கூர்ந்து பார்த்தேன். கோலின் அடியிலிருந்து அவள் மணிக்கட்டு வரைக்கும், மெல்லிய சிவப்பு எறும்பு வரிசை ஒன்று ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஷாட்டில் அவள் கை கோலோடு ஒட்டிக்கொண்டது. பந்து எங்கோ போயிற்று. ரப்பர் மூடியின் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு, நீல நிற மேஜைத் துணியில் விழுந்தது. நடுவராக இருந்த எச்.ஆர். பெண்மணி ஓடி வந்து, "இது எந்தா?" என்று விரலால் தொட்டார், முகர்ந்தார். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி மலையாளத்தில், "அய்யோ, சர்க்கரப்பாவு!" என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் எதிராளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். லச்சு சிரிக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு தடவை பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் மாட்டியிருந்த ஆபீஸ் கோல் ஒன்றை எடுத்தாள். அதன் முனை வளைந்திருந்தது. இரண்டாவது ஆட்டம் போயிற்று. மூன்றாவதில் கறுப்புப் பந்து வரைக்கும் வந்தாள். பந்து குழியின் உதட்டில் போய் நின்று, விழவா வேண்டாமா என்று யோசித்து, விழாமலே நின்றுவிட்டது.

எனக்கு அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பஸ்ஸில் கரமனை வரும்வரை நெடுஞ்சாலை நெரிசலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ லச்சு" என்றேன்.

"சாரமில்லை அத்திம்பேர், போட்டும்."

"சின்ன போல்ட் எங்கேயாவது கிடைச்சிருக்குமோ?"

"ஆபீஸ் பக்கத்துல ஸ்போர்ட்ஸ் கடைல கிடைக்கும். இன்னிக்குக் காலம்பற வாங்கிக்கலாம்னுதான் இருந்தேன்."

"அதை ஏன் நேத்திக்கே சொல்லலை?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படி வேண்டாம்னு பறையறது? அம்மா கண்ணாலயே காட்டிட்டா."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும். வீட்டில் மாமனார் அதைவிட மோசம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாப்ளே, உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் இந்த ஊர் சீதோஷ்ணம்" என்றார். சர்க்கரை வரட்டி டப்பா கூடத்தில் அப்படியே இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

அடுத்த வருஷம் லச்சு மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தாள். நானும் ஹேமாவும் அப்போது கரமனையில் இருந்தோம். அன்றைக்கென்று மாமனாருக்கு என்னைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போகும் ஆசை வந்தது. ஒவ்வொரு தூணையும் நின்று நிதானமாகக் காட்டினார். ராத்திரி திரும்பினால் கோப்பை கூடத்தில் இருக்கிறது. எனக்கு அப்போதும் புரியவில்லை.

லச்சுவின் கல்யாணத்தில்தான் புரிந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கொஞ்ச நேரம் முன்னால் மண்டபத்தில் மைக் செட் கரகரத்தது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதன் பக்கம் இரண்டடிதான் வைத்திருப்பேன்.

"மாப்ளே!" மாமனார் ஓடி வந்தார். "பாம்பே சித்தப்பா ரயில்ல வரார். கௌரவமான மனுஷாளை அனுப்பினாத்தான் அவருக்குப் பிடிக்கும். நீங்கதான் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போகணும்."

போனேன். மூன்று ரயில்கள் வந்து போயின. பம்பாய்க் களையோடு இறங்கிய பெரியவர்கள் எல்லோரையும் விசாரித்தேன். ஒருவர் என்னை லாட்ஜ் தரகர் என்று நினைத்து விரட்டினார். கடைசியில் ஹேமாவுக்குப் போன் செய்து, சித்தப்பா எப்படி இருப்பார், கண்ணாடி போட்டிருப்பாரா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"நமக்குப் பாம்பேல சித்தப்பாவே கிடையாது. மைக் சரியாயிடுத்து. நீங்க வரலாம்."

போன மாதம் சென்னையில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் படுத்துக்கொண்டது. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்காக ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த என் பெண், தலையைக்கூடத் தூக்காமல், "அப்பா, பாம்பே தாத்தா ரயில்ல வராராம்" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வயதானவர், ஸ்டேஷனில் எத்தனை நேரம்தான் தனியாக நிற்பார்?