எலியார் வேலைக்கு வராத நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் ஒரு சூரணம் நல்லதா கெட்டதா என்று தீர்மானித்தது ஆஸ்பத்திரியும் இல்லை, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரிமாரும் இல்லை. எங்கள் கந்தோரில் மூன்றாவது மேசையில் இருந்த ஒரு மனுசர் அடுத்த நாள் காலையில் வேலைக்கு வருகிறாரா என்பதுதான். வந்தால் நல்ல மருந்து. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அவருடைய வாப்பா அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அவர் எலியார். நாங்கள் வைத்த பெயர் அல்ல, அவரே வைத்துக்கொண்டது. "பெரிய நாடுகள்ல மருந்தெல்லாம் முதல்ல எலிக்குத்தான் குடுக்கிற. இஞ்ச ஆரு எலி? நான்தான் எலி" என்பார். எங்கள் பழைய கோப்பு அறையில் எலிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் குடித்த பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்ல அவற்றுக்குத் தெரியாதே!

ஒருமுறை சந்தையில் முடி வளர்க்கும் மூலிகைத் தைலம் வந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் முழுத் தலைக்கும் பூசினார்கள். எலியார் வலப்பக்கம் மட்டும் பூசினார்.

"என்ன காக்கா இது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"முழுக்கப் பூசினா, தைலத்தால வளந்திச்சா தன்பாட்டுக்கு வளந்திச்சா எண்டு எப்பிடித் தெரியும்? இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் சாட்சி."

மாதக்கணக்கில் அவருடைய வலப்பக்கம் எண்ணெய் வழிந்து பளபளத்தது. இடப்பக்கம் தண்ணீர் காணாத வயல்போலக் கிடந்தது. அந்தத் தலையோடு ஒரு கலியாணப் படத்திலும் நின்றுவிட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வழுக்கையானது. "நீதியான தைலம். ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டும் செய்யல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு தேனில் ஊறிய உள்ளிப்பூண்டு. நெஞ்சுக்கு நல்லதாம். அது நடந்த காலம் முழுவதும் எங்கள் பெரிய கிளாக்கர் நாற்றம் தாங்காமல் எலியாருடைய மேசையை விறாந்தையில் போட்டு வைத்திருந்தார். "நெஞ்சுக்கு என்ன செஞ்ச எண்டு தெரியா. ஆனா சனம் கிட்ட வாறல்ல. அது பலனா பழுதா எண்டுதான் விளங்குதில்ல" என்றார் எலியார். நிலாவரைப் பொடியைச் சோதித்த அன்று மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "இது வேலை செய்யிது! இதுக்குச் சாட்சி தேவல்ல!" என்று மலசலகூடத்துக்குள் இருந்தபடியே கத்தினார்.

அவர் வேலைக்கு வந்தால் போதும், ஊரே அந்த மருந்தை வாங்கியது. அதில்தான் அவருக்குக் கோபம். "நான் ஒருத்தன் தப்பினா எல்லாரும் தப்புவீங்களா? உங்களுக்குச் சீனி இரிக்கி, அவருக்குப் பிரஷர் இரிக்கி. எனக்கு ஒண்டும் இல்ல. ஒரு எலி போதாது, விளங்குதா?" யாருக்கும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பஸ் நிலையத்தடியில் ஒரு வான் வந்து நின்றது. ஒலிபெருக்கி கட்டிய வான். நரம்புத் தளர்ச்சியிலிருந்து இடுப்பு நாரிப்பிடிப்பு வரை ஒரே சூரணமாம். "எல்லாம் செடி கொடி! ஒரு கெடுதியும் வராது!"

எலியார் முன்னால் போய் நின்றார். "அலரியும் மரத்திலதான் காய்க்கிது. அந்த நஞ்சயும் பால்ல கரைச்சுக் குடிக்கிறதா?"

வான்காரர் அடுத்த ஆளுக்குப் பைக்கற்றை நீட்டினார்.

"சரி. இதக் குடிச்சுச் சுகமான ஆக்களக் காட்டுறீங்க. சுகமாகாத ஆக்கள் எங்க?"

வான்காரர் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்.

பெரிய கிளாக்கர் காரைதீவு மனுசர், அளவான ஆள், ஆனால் சூரணம் என்றால் கையில் காசு நிற்காது. முதல் நாளே வாங்கிவிட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு, "எனக்கு உடம்பு இறகு மாதிரிக் கிடக்கு" என்று எங்களுக்கும் ஆளுக்கொரு பைக்கற் கொடுத்தார். எலியாருக்கும் ஒன்று. வழமையாக எலியார் குடித்து, வேலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் குடிப்போம். இந்த முறை யாருக்கும் பொறுமை இல்லை. அன்று இரவே எல்லாரும் குடித்துவிட்டோம்.

அடுத்த நாள் மூன்றாவது மேசை காலியாக இருந்தது.

எலியார் நேரம் சுணங்கிக்கூட வந்ததில்லை. ஒன்பதரை மணிக்கு டைப்பிஸ்ட் மிஸ் கைக்கண்ணாடியை எடுத்து, "என்ட கண் மஞ்சளா இரிக்கா பாருங்க" என்றார். பார்த்தவருக்கும் மஞ்சளாகவே தெரிந்தது. எனக்கு வயிற்றுக்குள் யாரோ கயிறு திரிப்பது போல் இருந்தது. பெரிய கிளாக்கர் கதிரையிலிருந்து எழும்பி, "தம்பி, தலை சுத்துது" என்று சொல்லித் திரும்ப உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டு விட்டுப்போனது.

கந்தோர் ஜீப்பில் எல்லாரும் ஏறினோம். சூரணம் குடிக்காத ஒரே ஆள் டிரைவர்தான். "எலியார் மௌத்தாகி இருந்தா நாம எல்லாரும் அடுத்தடுத்துச் சாகவேண்டியதுதான்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, டிரைவர் இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு நீட்டு மர வாங்கில், சவரம் செய்யாத முகத்தோடு எலியார் இருந்தார்.

"காக்கா! உங்களுக்கும் ஏலாதா?"

"எனக்கென்ன? பெண்சாதி உள்ள இரிக்கா. நேத்துப் பின்னேரம் அசருக்குப் பொறகு வயித்துக்குத்து. இன்னும் ஒண்டும் செல்றாங்க இல்ல."

பிள்ளை இல்லாமலே வருசங்கள் போன வீடு அது. கண்ணூறுக்குப் பயந்து, மனைவி பிள்ளைத்தாச்சி என்று எங்களிடம் அவர் மூச்சே விடவில்லை.

"அப்ப சூரணம்?"

"பைக்கற்றப் பிரிக்கவே இல்ல. ஏன், நீங்க குடிச்சிட்டீங்களா?"

எங்கள் முகங்களே பதில் சொல்லின. அவர் நேரே பெரிய கிளாக்கரிடம் போனார். "ஐயா, பிரஷர்க் குளிசை குடிக்கிறீங்கதானே?"

பெரிய கிளாக்கர் தரையைப் பார்த்தார். "வான்காரன் தேவையில்லை எண்டவன். ஒரு கிழமையா விட்டுட்டன்."

எலியார் அவர் கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிப்போனார். "குளிசைய விட்டதயும் செல்லுங்க, சூரணத்தயும் செல்லுங்க. ஒண்டயும் ஒளிக்காதீங்க." பிரஷர் பயப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. உடனே மருந்து கொடுத்து, கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னதும் டைப்பிஸ்ட் மிஸ்ஸின் கண் வெள்ளையானது, என் வயிற்றுக் கயிறும் அவிழ்ந்தது.

வாங்கில் நான் எலியாருக்குப் பக்கத்தில் இருந்தேன். "கலியாணம் முடிச்ச புதுசில, புள்ள கிடைக்கும் எண்டு ஆரோ குடுத்த லேகியத்தத் திண்டிட்டு அவ மாசக்கணக்காப் பாயில கிடந்தா" என்று மெதுவாகச் சொன்னார். "பொறகு ஆர் எதக் கொண்டு வந்தாலும் முதல்ல நான் குடிப்பன் எண்டு செல்லிட்டன்."

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம் நர்ஸ் வெளியே வந்தார். பெண் பிள்ளை. தாயும் சுகம். பெரிய கிளாக்கருக்கும் பிரஷர் இறங்குகிறது என்று அடுத்த வார்ட்டிலிருந்து செய்தி வந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

உள்ளே மகளோடு இருந்த எலியாரின் மாமி வெளியே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அல்ஹம்துலில்லாஹ்! நான் கிண்டிக் குடுத்த லேகியம் வீண்போகல்ல."

"கோவிக்காதீங்க மாமி. நீங்க தந்தது, உங்கட கூடப்பிறந்த ராத்தா தந்தது எல்லாத்தயும் நான்தான் திண்ட. அவ ஒரு உருண்டையும் வாயில வெக்கல்ல."

டிரைவர் யோசித்துப் பார்த்தார். "அப்ப புள்ள நீங்கதான் பெத்திரிக்கணும், காக்கா."

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு விறாந்தையே சிரித்தது. எலியார் சிரித்துக்கொண்டே சுவரோடு சாய்ந்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். துவாய் குலுங்குவதைப் பார்த்து நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நாங்கள் ஜீப்பில் ஏறும்போது அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "விடியத்திலேருந்து ஒத்தரும் ஒண்டும் சாப்பிடல்லையே? வீட்ட போற வழியில கடையில ரெண்டு வாய் சோறு திண்டுட்டுப் போங்க" என்றார். முதல் நாள் பின்னேரத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வாங்கில் இருந்த மனுசர் அவர்.