பிள்ளையாரிடமிருந்து புறப்பட்ட லுவார் நதி

படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் மெல்லிய இசை ஒலிக்க வேண்டும் என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. என் மருமகள் மாலையில் வானொலியைத் தணித்து வைத்துவிட்டு, "சத்தம் கம்மியாத்தான் வச்சிருக்கேன் மாமா, புள்ள படிக்கட்டும்" என்பாள். நான் போய் அணைத்துவிட்டு வருவேன். (அவள் திரும்பப் போடுவாள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.) இசையால் கெட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்போது எங்கள் பாகூரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தொடக்கப் பள்ளியை முடிக்கிறவர்களுக்கு 'செர்த்திபிக்கா' என்று ஒரு பரீட்சை இருந்தது. தேறினால் புதுச்சேரியில் மேல்படிப்பு, பிறகு சர்க்கார் உத்தியோகம், நாற்காலி, நிழல். தவறினால் என்ன என்பதை அப்பா முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

"இந்தத் தபா கோட்ட வுட்டீனா நேரா ஏத்தத்துல ஏறி மிதிடா. புஸ்தகத்த வெல்லம் காய்ச்சுற அடுப்புல போட்டுடலாம்."

இந்த நெருக்கடியில்தான் எங்கள் வாத்தியார் (அவரை 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும்) வாயைத் திறந்தார். பாரிஸில் பிள்ளைகள் படிக்கும்போது அடுத்த அறையில் யாராவது மெதுவாகப் பியானோ வாசிப்பார்களாம். அதனால் படித்தது மறக்கவே மறக்காதாம். அந்த மனிதர் வாழ்நாளில் தாண்டிய பெரிய நீர் தென்பெண்ணையாறு. பாரிஸில் அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம்பினேன்.

பியானோவுக்கு நான் எங்கே போவேன்? சோரியாங்குப்பத்தில் என் மாமா சைகோனிலிருந்து கொண்டுவந்த கிராமபோன் இருந்தது. புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். மாமாவிடம் இருந்ததெல்லாம் நாடக ஒப்பாரித் தட்டுகள். ஊசியை வைத்ததும் தெருவே வந்து குந்தியது. யாரோ ஒரு ராணி பிள்ளையைப் பறிகொடுத்து அழ, எதிரே இருந்த பெண்களும் அழ, நான் பின்னக் கணக்கைப் பார்த்து அழுதேன்.

அடுத்து பெருமாள் கோயில் பஜனை. ஓரமாக உட்கார்ந்து படிக்கலாம் என்று பார்த்தால், "சும்மாதான குந்திகினு கீற?" என்று கையில் ஜால்ராவைத் திணித்துவிட்டார்கள். ஜால்ரா போட்டுக்கொண்டே பக்கம் புரட்டுவது எப்படி என்று முசியே சொல்லித் தரவில்லை.

கடைசியில் எங்கள் கரும்புக்கொல்லைக் கிணற்றில்தான் அந்த அமைதியான இசை கிடைத்தது. காலையில் அங்கே ஏற்றம் இறைப்பார்கள். மேலே துலாமரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே சால் என்கிற பெரிய வாளியைப் பிடித்து நீரைக் கவிழ்க்கும் முனுசாமி அண்ணன் பாடுவார். சால் இறங்கும்போது ஒரு வரி, ஏறும்போது ஒரு வரி, கவிழ்க்கும்போது "ஹோ" என்று ஒரு குரல். முதல் வரி பிள்ளையாருக்கு. அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு சால் தண்ணீர் மேலே வராது.

என்ன சுகமாக இருந்தது தெரியுமா! புங்க மர நிழலில் நானும் துலாக்காரரோடு முன்னும் பின்னும் நடந்தபடியே வாய்விட்டுப் படித்தேன். பிரான்சின் மலைகளும் நதிகளும் அந்த மெட்டில் அப்படியே வந்து உட்கார்ந்தன. முசியே சொன்னது சத்தியம் என்று மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். (அந்தக் கும்பிடைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.)

பரீட்சைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரி போனோம். வாய்மொழித் தேர்வு. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார துரை. சுவரோரம் எங்கள் முசியே, கஞ்சி போட்ட கோட்டில்.

"லுவார் நதி எங்கே தோன்றி எங்கே போய் விழுகிறது?" என்று துரை பிரெஞ்சில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கேள்வி! ஆனால் அந்த அறையில் ஓர் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. துலா கிறீச்சிடவில்லை. தண்ணீர் கொட்டவில்லை. லுவார் நதி என் தலைக்குள் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது, மேலே வர மறுத்தது. ஏற்றம் என் கண்முன் வந்து நின்றது. மிதிக்கத் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க மிதிக்க வேண்டிய ஏற்றம்.

கண்ணை மூடினேன். கால் தானாக முன்னும் பின்னும் நடந்தது. வாயைத் திறந்து பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவரைத் தாண்டாமல் எப்படி ஐயா நதிக்குப் போவது?

துரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார். பாதி ஏறிய சாலை அந்தரத்தில் எவனாவது விடுவானா? மலையில் பிறந்து, வழியில் வரும் ஊர்களில் ஓர்லெயானுக்கு ஒரு வரி, தூருக்கு ஒரு வரி, நாந்துக்கு ஒரு வரி என்று லுவாரை இறைத்து, அட்லாண்டிக்கில் கவிழ்த்து, கடைசியில் "ஹோ" என்று குரலும் கொடுத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

துரை முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தப் பிள்ளையார் என்பது எந்த மாநிலத்தில் இருக்கிற ஊர்?" என்றார்.

நான் முசியேயைப் பார்த்தேன். இசையோடு படிக்கச் சொன்னவர் அவர்தானே, எடுத்துச் சொல்வார் என்று நம்பினேன். அவர் கூரையைப் பார்த்தார். துரை அவரிடம், "உங்கள் மாணவனா?" என்றதற்கு, "அடிக்கடி பள்ளிக்கு வராதவன்" என்றார். பாவி! ஒருநாள்கூட நான் போகாமல் இருந்ததில்லை.

என்னைத் தோல்வி என்று எழுதினார்கள். பதிலில் ஒரு தப்பு உண்டா? நடத்தை சரியில்லையாம்!

வீட்டில் அப்பா கேட்டார்: "இன்னாடா, பதில் தெரியிலியா?"

"தெரிஞ்சுதுப்பா. பாடினேன்."

"பரீட்சையிலியா?"

மறுநாள் காலை நான் துலாவின் மேல் நின்றேன். கீழே முனுசாமி அண்ணன் பிள்ளையாரை முடித்துவிட்டு, சாலைக் கவிழ்த்தபடியே, "லுவாரே..." என்று இழுத்தார். என் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அவருக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலே நின்று நான் அழுதது யாருக்கும் தெரியாது. கரும்புக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்தது.

அடுத்த வருடம் ஆளரவமில்லாத கோயில் மண்டபத்தில் ஊமையாகப் படித்துத் தேறினேன். கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகவும் ஆனேன். அப்படிப் படித்ததில் ஒரு வரிகூட இன்று நினைவில்லை. ஏதாவது நினைவுக்கு வர வேண்டுமென்றால் எழுந்து முன்னும் பின்னும் நடக்கிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி நடந்தாலும் என் மனைவி சமையலறையிலிருந்தே கேட்பாள்:

"இன்னா, சால் இன்னும் மேல வர்லியா?"

வீடே "ஹோ" என்று குரல் கொடுக்கும்.

போன வாரம் என் பேத்தி ஒன்றும் தெரியாதவள்போல வந்து, "தாத்தா, லுவார் எங்க போயி வுழுது?" என்றாள். வம்புக்குத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தும், சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுந்தேன். நாலடி நடந்திருப்பேன். என்னை அறியாமல் பிள்ளையாரில் ஆரம்பித்துவிட்டேன். என் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமென்று மருமகள் ஓடிப்போய்த் தன் கையாலேயே வானொலியை அணைத்தாள்.

சிரிக்கட்டும். லுவார் அட்லாண்டிக்கில்தான் விழுகிறது. அன்றைக்கும் அங்கேதான் விழுந்தது.