ஒண்ணுமில்லீங்க, சின்ன அடைப்புதான்

கழற்றிப் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும்; கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒருவர் தேறுவார். மிக்ஸி சுற்றவில்லையா, கேட் கிறீச்சிடுகிறதா, டிவியில் படம் ஆடுகிறதா, இவர் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார், பிறகு ஸ்குரூ டிரைவர் எங்கே என்று வீட்டையே அதட்டுவார், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் பரப்பி வைப்பார், அதற்கப்புறம்தான் என்ன கோளாறு என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "ஒண்ணுமில்லீங்க, சின்ன அடைப்புதான்." டிவியில் எங்கே வந்தது அடைப்பு? அதெல்லாம் நீங்கள் கேட்கக் கூடாது.

அவரிடம் மெக்கானிக் என்ற பேச்சை எடுத்துவிடாதீர்கள். "கடைக்குக் கொண்டு போனா நல்ல சாமானக் கழட்டிக்கிட்டு ஓட்டைச் சாமான மாட்டி உட்ருவானுங்க" என்பார். உலகத்துக்கே தண்ணி மோட்டார் செய்து அனுப்புகிற மண்ணில் பிறந்துவிட்டு இன்னொருவனிடம் போய் நிற்பதா? எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு ஏழெட்டு ஸ்குரூ மிச்சம் கிடக்கும். அது கம்பெனிக்காரன் தெரியாமல் சேர்த்துப் போட்டது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் நஞ்சுண்டன் இந்த இனத்தில் நல்ல சாதி மாடு. அவர் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னால் மற்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அவர் மகள் லோகப்பிரியாவுக்கு நிச்சயம். பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் உப்புச் சர்க்கரை மாற்றி, சம்பந்தம் உறுதி என்று இரு வீட்டாரும் வாயால் சொல்லிவிட வேண்டும். தவறினால் ஆனி முடிந்து ஆடி பிறந்துவிடும். மாப்பிள்ளை மனோஜ்குமாரும் கனடாவுக்கு விமானம் ஏறிவிடுவார். ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து தட்டிப் போன வீடு அது. இந்தப் பையனை லோகப்பிரியாவுக்கு மனசாரப் பிடித்திருந்தது. "இதையாச்சும் நடத்திக் குடு தாயே" என்று அவள் அம்மா ராசாத்தாள் மாசாணியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள்.

விடியற்காலையில் ஆனிக் காற்று ஒரு பெரிய வாகை மரத்தைச் சாய்த்து இட்டேரியின் குறுக்கே போட்டுவிட்டது. தோப்பு வீட்டுக்கு வர அந்த இட்டேரி ஒன்றுதான் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. கார் ஒதுங்க வழியில்லை. மரக்கடை நசுருதீன் சேதி கேட்டு போன் செய்தார்.

"அண்ணா, ஆளையும் மெசினையும் அனுப்பட்டுங்களா?"

"எதுக்குங்க பாய்? மரம் அறுக்கற மெசின் நம்மகிட்டயே கெடக்குதுங்க."

கிடந்ததென்னவோ வாஸ்தவம். முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம் வாங்கி, காய்க்காத தென்னையை அறுத்துவிட்டு, டாங்கியில் இருந்த பெட்ரோலோடு உரச்சாக்கில் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டது. பக்கத்திலேயே ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு கேன், அதே வயசில். நஞ்சுண்டன் மெசினைத் தூக்கி வந்து, மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் என்ற நேரத்தில் அது உறுமி எழுந்தது. புகை வந்தது. டுபுடுபுவென்று ஓடியது. விசையை அழுத்தினார், செருமிவிட்டு நின்றுபோயிற்று.

"சும்மா இருந்தா நல்லாத்தான் ஓடுது. வேலைன்னு சொன்னா நின்னு போயிருது" என்றார்.

"உங்களாட்டத்தானுங்க" என்றாள் ராசாத்தாள். "பாய்க்குப் போனப் போடுங்க."

"நீ போயி பலகாரத்தப் பாரு. சின்ன அடைப்புதான்."

பிளக்கைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊதி, மாட்டி இழுத்தார்; ஓடியது; அழுத்தினார்; நின்றது. ஏர் பில்டரைக் கழற்றி, அதற்குள் குடியிருந்த குளவியைக் காலி செய்ய வைத்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வைத்து, மாட்டி இழுத்தார், ஓடியது, அழுத்தினார், நின்றது. கடைசியில் கார்புரேட்டரிலேயே கை வைத்தார். அதற்கு முன்னால் டாங்கியில் இருந்த பெட்ரோலை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரு போசியில் வடித்து வைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து, ஊசித் துவாரங்களையெல்லாம் கம்பியால் குத்தித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி மாட்டிவிட்டு, போசியில் இருந்த பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டி டாங்கியிலேயே திரும்ப ஊற்றினார். போதாததற்குக் கேனில் இருந்ததையும் ஊற்றினார். காசு கொடுத்து வாங்கினதைக் கீழேயா கொட்டுவார்கள்? இழுத்தார். ஓடியது. அதற்கு மேல் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

லோகப்பிரியா அலங்காரம் முடிந்து, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்பு வழியே அங்கேயே வந்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, அவீங்க பொள்ளாச்சி தாண்டிட்டாங்களாமா. பாய் மாமாவ வரச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு, முடிஞ்சு போச்சு. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றார் நஞ்சுண்டன், தலை நிமிராமல்.

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து வரிசையாக நின்றன. மாப்பிள்ளையின் அப்பா அரங்கசாமி கோயமுத்தூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்துவிட்டு மூன்று வார்த்தைகூடப் பேசாத மனுஷன். அவர் முன்னால் கிரீஸ் கையோடா நிற்பது? ஆனால் வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் விட்டால் கொங்கு நாட்டில் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். ஆகவே கிளைகளுக்கு மேலாகக் கரியான கைகளைக் கூப்பி, "வாங்க, வாங்க, அத்தை வாங்க, மாமா வாங்க" என்று ஒவ்வொரு தலையாகக் கேட்டு முடித்தார்.

அரங்கசாமியின் பார்வை வரவேற்றவர் மேல் இல்லை. மெசின் மேல் இருந்தது.

"ஸ்டார்ட் ஆகுதுங்களா?"

"ஆகுதுங்க. ரேஸ் குடுத்தா நின்னுபோகுதுங்க."

"அப்ப கார்புரேட்டருங்க."

"கழட்டி மாட்டிட்டனுங்க."

"நீங்க கழட்டுனீங்க, செரி. ஒருக்கா நானும் பாக்கறனே. சின்ன அடைப்பாத்தானுங்க இருக்கும்."

நஞ்சுண்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இந்தப் பொருத்தத்தைச் சொல்லவே இல்லையே! அரங்கசாமி பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி, மரத்தின் மேல் தொற்றி ஏறிக் குதித்து, மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கடைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று இருவரும் ஒரே குரலில் பேசிக்கொண்டார்கள். பெட்ரோல் மறுபடியும் சிந்தாமல் போசிக்கு இறங்கியது.

ராசாத்தாள் மணியைப் பார்த்தாள். இரண்டு ஆண்களையும் பார்த்தாள். தேங்காய் போடுகிற ஏணிகள் இரண்டைக் கொண்டுவரச் சொல்லி, மரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சாத்தினாள். சீர்த்தட்டுகள் முதலில் ஏறி இறங்கின. பிறகு மாப்பிள்ளையின் அம்மா, சித்தி, அத்தைகள், கடைசியில் கூச்சத்தோடு மனோஜ்குமார். அத்தனை பேரும் அந்த இருவரின் தலைக்கு மேலாகத்தான் போனார்கள்.

"காலப் பாத்து வைங்க" என்றார் நஞ்சுண்டன், கார்புரேட்டர் துவாரத்தில் ஊதிக்கொண்டே.

"வாரமுங்க, நீங்க முன்னால போங்க, அஞ்சே நிமிசம்" என்றார் அரங்கசாமி.

ராசாத்தாளின் அண்ணன் வந்து கூப்பிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து கூப்பிட்டார். அஞ்சே நிமிசம் என்ற பதில் இருவருக்கும் கிடைத்தது. இதற்கு மேல் யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்; கொங்கு மரியாதை அப்படி. ராகுகாலம் வாசலுக்கு வந்துவிட்டது. கூப்பிட வந்த மாமன்மார் இருவரும் அப்பன்மாரின் இடத்தில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரையை மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் நல்லபடியாகப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

ராசாத்தாள் சொல்லி அனுப்பிய நசுருதீனின் ஆட்கள் அதற்கப்புறம் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கங்ணா" என்றார்கள். இருவரும் வேலியோரமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். மரம் துண்டு துண்டாகி வண்டியேறியது. "அவங்க மெசின் பரவால்லீங்க" என்றார் அரங்கசாமி. "ஆனா சத்தம் ஜாஸ்திங்க" என்றார் நஞ்சுண்டன்.

இலை எடுக்கிற நேரத்தில் இருவரும் வீட்டுக்குள் வந்தார்கள். லோகப்பிரியா எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சுருச்சுங்கப்பா. நீங்க பாக்கவே இல்லீங்களே."

அவள் அழுதுவிட்டாள். தொட்டு ஆற்றலாமென்றால் நஞ்சுண்டனுக்குக் கையெல்லாம் கரி. ஒண்ணுமில்ல கண்ணு என்று சொல்ல வாயெடுத்தவர், கையை வேட்டியில் துடைக்கத் தொடங்கினார்.

கேட்டீர்களா அநியாயத்தை! இப்படியும் ஒரு மனுஷனா என்று உங்களுக்குக் கோபம் வருகிறதல்லவா? வர வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போசியில் வடித்ததைத் திரும்ப டாங்கியில் ஊற்றியபோது, "அட, கெட்டுப்போன அந்தப் பழைய பெட்ரோல்தானய்யா கோளாறு, அதைக் கொட்டித் தொலை!" என்று மனசுக்குள் கத்தினீர்கள்தானே? அதற்கப்புறம் ஏணி ஏறியபோதும், பந்தி நடந்தபோதும், உங்கள் நினைப்பெல்லாம் அந்த டாங்கியில்தானே கிடந்தது? சரி. நிச்சயத்தன்று அந்தப் பெண் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள்?

நான் சொல்லவில்லைதான். கேட்க உங்களுக்குத் தோன்றியதா?