கிராபிக்ஸ் பள்ளம்

முகநூலில் எழுதுகிற தமிழர் அத்தனை பேரிலும் கட்சிச் சாயம் ஒட்டாத மூளை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது கடலூர் முதுநகரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்குக் குடியிருக்கிறது. காசிநாதன் இதைத் தற்பெருமையாகச் சொல்வதில்லை. கண்டுபிடிப்பாகச் சொல்வான்.

தனியார் கல்லூரி ஒன்றில் உளவியல் விரிவுரையாளன் அவன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே இணையவாசிகளின் அரசியல் சார்புதான்.

"என்ன எழுதியிருக்குன்னு படிக்காம, யாரு எழுதுனான்னு பாத்து லைக் போடறவனுக்கு ஓட்டுரிமையே குடுக்கக் கூடாது" என்று வகுப்பில் முழங்குவான். இன்டர்னல் மார்க் அவன் கையில் இருந்ததால் மாணவர்களும் பலமாகத் தலையாட்டுவார்கள்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சின்னப் பிரச்சினை. ஆய்வுக்கு ஆதாரம் இல்லை.

தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி, மூட மறந்த பள்ளம் ஒன்று இருந்தது. ஓர் எருமை தாராளமாகப் படுக்கலாம், படுத்தும் இருந்தது. காசிநாதன் எருமையைக் கிளப்பிவிட்டுப் படம் எடுத்தான். இரண்டு பொய்க் கணக்குகள் தொடங்கினான். ஒன்றில் 'போன ஆட்சி தோண்டிய பள்ளம்' என்று போட்டான். இன்னொன்றில் அதே படம், 'இந்த ஆட்சி தோண்டிய பள்ளம்.'

இதைச் சிதம்பரத்துக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான். அங்கே சிந்துஜா இருந்தாள். இருவருக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம்.

"பள்ளத்த மூடச் சொல்லி மனு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றாள் அவள்.

"நான் ஆராய்ச்சியாளன். பள்ளத்த மூடிட்டா ஆய்வு கெட்டுடும்."

"யாராச்சும் வுழுந்துட்டா?"

"அதுவும் டேட்டாதான்."

சாயங்காலத்துக்குள் மகசூல் வந்து குவிந்தது. சிந்துஜாவின் அப்பா ராமாமிர்தம், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா, ஆளுங்கட்சிக்காக உயிரையும் ஓய்வூதியத்தையும் தரத் தயாரானவர். போன ஆட்சிப் பள்ளத்தின் கீழ், 'நாட்டையே தோண்டிட்டுப் போயிட்டானுங்க படுபாவிங்க!' என்று கொதித்திருந்தார். இந்த ஆட்சிப் பள்ளத்தின் கீழ் நிதானமாக எழுதியிருந்தார்: 'இது கிராபிக்ஸ். நிழல் விழும் திசை தப்பு.'

காசிநாதனின் தங்கை புருஷன் ஜெயப்பிரகாஷ் எதிர்க்கட்சி. அதே தெருவில் குடியிருந்து, தினமும் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு பைக் ஓட்டுகிறவன். போன ஆட்சிப் படத்தின் கீழ் அவன் எழுதினான்: 'எங்க தெருவுல இப்படி ஒரு பள்ளமே கெடையாது.'

இதோடு நிறுத்தியிருந்தால் காசிநாதன் டாக்டர் காசிநாதன் ஆகியிருப்பான். அவனோ இரண்டு பேர் எழுதியதையும் பெயரோடு படம் பிடித்து, 'சார்பு மூளைகள்: நேரடிச் சான்று' என்று தன் பக்கத்தில் ஏற்றினான். கல்லூரியே விழுந்து விழுந்து சிரித்தது.

சிதம்பரம் சிரிக்கவில்லை.

"மாப்ள, நான் பொய்க்காரனா?" போனில் ராமாமிர்தம்.

"உங்க தப்பில்ல மாமா. மூளை அப்படி. அறுவது வயசுக்கு மேல ஜாஸ்தி ஆவும்னு ஆய்வு சொல்லுது."

"எனக்கு அம்பத்தொம்பதுதான்டா!"

மாப்பிள்ளையை 'டா' போட்ட பிறகு கல்யாணத்துக்கு எவ்வளவு ஆயுள் என்று காசிநாதனுக்குத் தெரியும். உடனே, 'மாமா சுட்டிக்காட்டிய நிழல் குறித்து மறுபரிசீலனை செய்கிறேன்' என்று பதிவு போட்டான். பத்தாவது நிமிஷம் ஜெயப்பிரகாஷ் மாடிப்படி அதிர ஏறி வந்தான்.

"பொண்ணு குடுக்கறாருன்னதும் நெழலு திரும்பிடுச்சா மச்சான்?"

"மாப்ள, ஒக்காருங்க. நான் நடுநிலை."

"நடுநிலையா? ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டா. மூணாவது முடிச்ச யாரு போடறதுன்னு ஒன் மாமனாரு கட்சி ஆபீஸ்ல கேட்டுக்க!"

நாத்தனார் முடிச்சு இல்லாத தாலியா? காசிநாதன் நடுங்கிப்போய், இரு தரப்பையும் குளிர வைக்க இன்னொன்று எழுதினான்: 'பள்ளம் உண்மை. ஆனால் இரண்டு ஆட்சியிலும் பாதிப் பாதி தோண்டப்பட்டது.'

அதுவரை ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்த இரண்டு கட்சிக்காரர்களும் முதல் தடவையாக ஒற்றுமையானார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து, 'எவ்வளவு வாங்கினே?' என்று கேட்டார்கள். படத்தின் ஓரத்தில் எருமையின் வாலைப் பார்த்துவிட்ட ஒருவர், அதைத் துன்புறுத்தியதற்காக வழக்கே போடப் போவதாக எழுதினார். ஐந்நூறு பேர் அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒரு கூடை மண்ணோடு வந்தவன் ஒருவனும் இல்லை.

மறுநாள் காலை ராமாமிர்தம், நிச்சயதார்த்தத் தட்டை முகத்தில் வீசிவிட்டு வருகிறேன் என்று, தடுத்த மகளையும் மீறிச் சிதம்பரத்தில் பஸ் ஏறினார். முதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார். ஆட்டோ தெருமுனையில் திரும்பியது, கிராபிக்ஸில் விழுந்தது.

வலது கை முறிந்து, முழங்கை வரை கட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடிய காசிநாதன், அந்த நிலையிலும் ஆய்வை விடவில்லை.

"மாமா, இப்பவாச்சும் ஒத்துக்குங்க. பள்ளம் நெசந்தானே?"

"நெசந்தான். ஆனா அவனுங்க தோண்டுனது. எங்க ஆட்சில நான் வுழுந்தது எதேச்சை."

பெண்டாட்டிக்குப் பயந்து பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஜெயப்பிரகாஷ் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுத்தான். "வுழலவே இல்ல. அனுதாபம் தேடறாரு. கட்டு கிராபிக்ஸ்."

"யாரைடா சொல்ற?" என்று ராமாமிர்தம் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் வந்து மூவரையும் பொதுவாகத் திட்டிவிட்டுப் போனாள்.

சேதி கேட்டுச் சிதம்பரத்திலிருந்து ஓடி வந்து, எக்ஸ்ரேயைக் கையில் பிடித்தபடி நின்ற சிந்துஜா கேட்டாள். "அப்பா வுழுந்த அப்பறமாச்சும் அந்தப் பள்ளத்த யாராச்சும் மூடுனீங்களா?"

மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தார்கள். அவள் காசிநாதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் போனையும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம், கரண்ட் இருந்த ஒரு மணி நேரத்தில், காசிநாதன் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். ராமாமிர்தத்தின் பக்கத்தில் புதுப் பதிவுகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் கட்சி மாநாட்டுத் தீர்மானம் போல நீளம். படிக்க ஆரம்பித்தால் கரண்ட் போய்விடும்.

பெயரைப் பார்த்தான், லைக் போட்டான். அடுத்ததற்கு இறங்கினான், பெயரைப் பார்த்தான், லைக். இது சார்பு கிடையாது, சமாதானம் என்று தன் மூளையிடம் சொன்னான். கடலூர் மாவட்டத்தின் ஒரே நடுநிலை மூளை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. ஒரு பதிவைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

போன் அடித்தது. சிந்துஜா!

"மாமா பாத்துட்டாரா? கோவம் தணிஞ்சுதா?" என்றான் மூச்சு வாங்க.

"அப்பாவுக்குக் கை கட்டுல கெடக்குதுங்க, நாலு நாளா அவரு பேர்ல எழுதறது நான்தான், கடைசியா, 'எம் பொண்ணுக்கு இந்த மாப்ள வேணாம்னு நெனைக்கிறவங்க லைக் போடுங்க'ன்னு கேட்டிருந்தேன், மொத லைக் உங்களுது."